டெக்சாஸ் தமிழர்கள் கேட்கும் துப்பாக்கிச் சந்தேகங்கள்: கன்சீல்டு கேரி, லைசென்ஸ், பயிற்சி

டாலஸ் பக்கம் குடியேறிப் பல வருடம் ஆகிறது. என்னிடம் கைத்துப்பாக்கி லைசென்ஸ் இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பிறந்தநாள் விழாவிலும், கோயில் பிரசாத வரிசையிலும், வாட்ஸாப்பிலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆஸ்டினில் கூடும், கூடும்போதெல்லாம் ஏதாவது மாறும். அதனால் செயலில் இறங்கும் முன் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கன்சீல்டு கேரின்னா என்ன? வீட்டுல துப்பாக்கி வச்சுக்கறதும் அதுவும் ஒண்ணா?

ஒன்றல்ல. துப்பாக்கி வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது, வெளியே கொண்டுபோவது என்று மூன்றையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. டெக்சாஸில் வீட்டில் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை, எங்கும் பதிவு செய்யவும் வேண்டாம். வெளியே போகும்போது சட்டைக்குள்ளோ இடுப்புப் பக்கமோ பிறர் கண்ணுக்குப் படாமல் வைத்திருந்தால் அது கன்சீல்டு கேரி. உறையில் போட்டு எல்லோருக்கும் தெரியும்படி மாட்டியிருந்தால் ஓப்பன் கேரி.

டெக்சாஸ்ல லைசென்ஸே வேணாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டப்படி தடை இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். 2024 கணக்கில் இப்படி 29 மாநிலங்கள் இருக்கின்றன. அந்த வாக்கியத்தில் 'தடை இல்லாத' என்ற சொல்லைத்தான் நம் ஆட்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

முன்பு அப்படி இல்லை. 1991 அக்டோபரில் கில்லீன் நகர உணவகம் ஒன்றில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தாய் தந்தை இருவரையும் கண்ணெதிரே இழந்தவர் சுசானா ஹப். சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். அதை அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 1995-ல் அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டு, 1996-ல் லைசென்ஸ் முறை வந்தது. 2016-ல் ஓப்பன் கேரியும் சேர்ந்தபோது அதன் பெயர் எல்.டி.சி. (லைசென்ஸ் டு கேரி) ஆனது.

அப்ப காசு குடுத்து எதுக்கு லைசென்ஸ் எடுக்கணும்?

எனக்குத் தெரிந்து நாலு காரணம். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, அந்த மாநில லைசென்ஸ் இருப்பவருக்கு விலக்கு. ஃபிரிஸ்கோ, பிளேனோ மாதிரி ஊர்களில் பள்ளியைக் கடக்காமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் கொண்டுபோக லைசென்ஸ் கட்டாயம். வேறு சில மாநிலங்கள் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்கின்றன. கடையில் அடுத்த துப்பாக்கி வாங்கும்போது பின்னணிச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஐந்தாவது என் சொந்தக் காரணம். அந்த வகுப்புக்குப் போகாமல் எனக்குச் சட்டம் எதுவுமே தெரிந்திருக்காது. லைசென்ஸ் கட்டாயமாக இருந்த காலமே மேல் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) பாதிப் பேர் முறைப்பார்கள்.

எப்படி எடுக்கறது, என்ன செலவு?

பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் விண்ணப்பம், 40 டாலர் கட்டணம், கைரேகை, 4 முதல் 6 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு. வகுப்புக்கும் கைரேகைக்கும் தனிக் காசு. வகுப்பை ஆன்லைனில் முடிக்கலாம், சுடுவதை நேரில்தான் காட்ட வேண்டும். முதல் லைசென்ஸ் சுமார் 4 ஆண்டு, புதுப்பித்தால் 5 ஆண்டு.

வகுப்பில் என்னென்ன சொல்லித்தர வேண்டும் என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆயுதச் சட்டம், பாதுகாப்பாகக் கையாளுதல், குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பது, இவற்றோடு சண்டை போடாமல் தகராறைத் தீர்ப்பது. கடைசியாகச் சொன்னதற்கு எங்கள் ஆசிரியர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். ஹைவேயில் ஒருவன் குறுக்கே வந்து ஹாரன் அடித்தால் வாயை மூடிக்கொண்டு போவதுதான் பாடம்.

சுடற டெஸ்ட் கஷ்டமா இருக்குமா?

இல்லை. மனித உருவம் வரைந்த தாள் மீது 50 தோட்டா. 3 கஜத்திலிருந்து 20, 7 கஜத்திலிருந்து 20, 15 கஜத்திலிருந்து 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேறிவிடலாம். 3 கஜம் என்றால் ஒன்பது அடி, நம் வீட்டுக் கூடத்தின் அகலம்கூட இல்லை. அசையாத தாளை, நல்ல வெளிச்சத்தில், யாரும் திருப்பிச் சுடாத இடத்தில் சுடுகிறோம். இதில் தேறிவிட்டு 'எனக்குச் சுடத் தெரியும்' என்று சொல்வது, காலி மைதானத்தில் கார் ஓட்டிவிட்டுச் சென்னை அண்ணா சாலையில் ஓட்டுவேன் என்பது மாதிரி.

நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

துப்பாக்கி வாங்காமல் ஆரம்பியுங்கள். ரேஞ்சில் முதல் வகுப்புக்குத் துப்பாக்கி, கண்ணாடி, காதுக் கவசம் எல்லாம் அவர்களே தருவார்கள். கண்டிப்பாகத் தனி ஆசிரியர் வேண்டும். 'வாடா மச்சி நான் சொல்லித்தரேன்' என்று கூப்பிடும் நண்பன் வேண்டாம். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நாலு விதிகளை எந்த ஊர் வகுப்பிலும் சொல்வார்கள்: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, எதை அழிக்க மனமில்லையோ அதை நோக்கிக் குழலைத் திருப்பாதே, குறி பார்த்து முடிக்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே, குறியும் குறிக்குப் பின்னால் இருப்பதும் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது விதியை நான் முதல் நாளே மீறினேன். சுட்டு வெளியே தெறித்த சூடான பித்தளைக் கூடு சட்டைக் காலருக்குள் விழுந்தது. துள்ளித் திரும்பினேன், கையில் துப்பாக்கியோடு. ரேஞ்ச் அதிகாரி என் மணிக்கட்டைப் பிடித்து முன்பக்கமே வைத்துக்கொண்டார், திட்டவில்லை. முதுகில் கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. கழுத்து மூடிய பனியன் போட்டுப் போங்கள்.

அண்ணா, நான் எச்1பி. நான் வாங்கலாமா?

பொதுவாக முடியாது. மேலே 'தடை இல்லாத' என்றேனே, அது இதுதான். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநிலம் லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னதால் இந்தத் தடை போய்விடாது. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் விசா நிலையைக் கேட்பார்கள், அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. இடையில், விண்ணப்பம் போட்டுவிட்டு வேலை அனுமதி அட்டையோடு காத்திருப்பவர்கள் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

வாங்கலை, சும்மா ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்துச் சுடலாம்ல? டீம் அவுட்டிங்ல எல்லாரும் போறாங்களே?

இதுதான் நிறையப் பேர் மாட்டக்கூடிய இடம். கையில் வாங்கிச் சுடுவதும் 'வைத்திருப்பது' கணக்கில்தான் வரும், பத்து நிமிடமானாலும் சரி. மாணவர் விசாவில் வந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் ஃபுளோரிடாவில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-ல் வந்த ரெஹெய்ஃப் தீர்ப்பு அதுதான். தான் தடைக்கு உட்பட்டவன் என்று அவருக்கே தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதைப் படித்துவிட்ட நீங்கள் இனி 'தெரியாது' என்று சொல்ல முடியாது, மன்னிக்கவும். அவுட்டிங்கில் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வேட்டை லைசென்ஸ் எடுத்தா எச்1பி-யும் வாங்கலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

அவர் சொன்னது பொய் இல்லை. மாநிலம் தந்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். இங்கே வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகும். செப்டம்பர் 1 காலையில் புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். ஒரு தேதியை மறப்பதால் விசாவே போகக்கூடிய ஏற்பாடு இது. என் தம்பியாக இருந்தால் கிரீன் கார்டு வரும்வரை பொறு என்பேன். அது எப்போது வரும் என்று கேட்காதீர்கள், நாம் இந்தியர்கள்.

வீட்டுக்காரருக்கு கிரீன் கார்டு இருக்கு, எனக்கு எச்4தான். அவர் துப்பாக்கி வீட்ல இருக்கலாமா?

சாவியும் ரகசிய எண்ணும் அவரிடம் மட்டும் இருக்கும்வரை இருக்கலாம். உங்கள் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்தால், தொடாவிட்டாலும் உங்கள் வசம் இருப்பதாக வாதிட இடம் உண்டு. அதனால் பூட்டிய சேஃப், அதன் எண் உங்களுக்குத் தெரியக் கூடாது. காரில் அவர் விட்டுவிட்டுப் போன துப்பாக்கியோடு நீங்கள் கடைக்குப் போவதும் கூடாது. 'என் அவசரத்துக்கு உதவாத பாதுகாப்பு என்ன பாதுகாப்பு' என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் வீட்டில் கடைசியில் வாங்கவே இல்லை.

கிரீன் கார்டு வச்சிருக்கேன். துப்பாக்கி வாங்கினா சிட்டிசன்ஷிப் பாதிக்குமா?

சட்டப்படி வாங்கி வைத்திருப்பதால் பாதிக்காது. ஆனால் குடிமகனுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருப்பவரை நாடு கடத்த அதுவே போதும். பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு அபராதத்தோடு முடிகிற தவறு நமக்கு ஊருக்கு ஒருவழி டிக்கெட்டாக ஆகலாம்.

குடும்ப வன்முறை விஷயமும் இதில் சேரும். சிறு குற்றமாகத் தண்டனை வந்தாலும் துப்பாக்கி உரிமை போய்விடும். நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை இருக்கும்போதும் வைத்திருக்கக் கூடாது. டெக்சாஸ்காரர் ஒருவரின் வழக்கில் (ரஹிமி, 2024) உச்ச நீதிமன்றம் இதை 8-1 என்று உறுதி செய்தது.

ஃப்ரெண்டுக்கு எச்1பி, அவனுக்காக நான் என் பேர்ல வாங்கித் தரலாமா?

கூடாது. அது பினாமிக் கொள்முதல். 2022 சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. நண்பனுக்கு வாங்க உரிமை இருந்தாலும்கூட, அவன் பணத்தில் அவனுக்காக வாங்கிவிட்டு 'எனக்காக வாங்குகிறேன்' என்று படிவத்தில் எழுதினால் குற்றமே என்று 2014-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

கோயில், கடை, பார், ஸ்கூல், எங்கெல்லாம் கொண்டு போகக் கூடாது?

வாசல் பலகையைப் படிக்கப் பழகுங்கள், அதில் மாநிலச் சட்டப் பிரிவின் எண் இருக்கும். 30.06 என்றால் லைசென்ஸ் இருப்பவரும் மறைத்துக் கொண்டுவரக் கூடாது. 30.07 என்றால் வெளியே தெரியும்படி கூடாது. 30.05 லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குல உயர எழுத்தில் இருக்கும். மது விற்பனையே பிரதான வருமானமாக உள்ள இடத்தில் சிவப்பில் 51% பலகை இருக்கும். அதைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், மத்திய அரசு அலுவலகம் எல்லாம் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது.

கோயில், சர்ச் எல்லாம் தனியார் இடம்போலத்தான். பலகை வைத்தோ வாயால் சொல்லியோ தடுக்கலாம். தடுக்காவிட்டால் லைசென்ஸ் உள்ளவர் கொண்டுபோகலாம். 2019 டிசம்பரில் ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒயிட் செட்டில்மென்ட் சர்ச்சில் சுடத் தொடங்கியவனை, தொண்டர் காவலாக நின்ற ஒருவர் ஆறு விநாடிக்குள் வீழ்த்தினார். அதற்குள் இருவர் பலியாகியிருந்தார்கள். அவர் பல வருடப் பயிற்சியாளர் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். கோயிலுக்கு நான் கொண்டுபோவதில்லை. அங்கப்பிரதட்சிணம் செய்யும் இடத்தில் இடுப்பில் எதற்கு?

போலீஸ் காரை நிறுத்தினா என்ன செய்யணும்?

இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், உள்விளக்கைப் போடுங்கள். அடையாள அட்டை கேட்டால், லைசென்ஸ் உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கும் நேரத்தில் ஓட்டுநர் உரிமத்தோடு எல்.டி.சி. அட்டையையும் காட்ட வேண்டும். எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். எடுத்துக் காட்ட மட்டும் போகாதீர்கள்.

வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க. ஹேண்ட்பேக்ல வச்சுக்கறது பரவாயில்லையா?

வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்துக் கடை ஒன்றில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டது. தாய் அங்கேயே இறந்தார். முறையான உரிமம் பெற்றவர் அவர். பை, துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்தது. உடம்போடு இருக்க வேண்டும், டிரிகரை மூடும் கெட்டி உறையில் இருக்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் வீட்டு சேஃபில்.

டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்குச் சுடும் நிலையில் உள்ள துப்பாக்கி எட்டும்படி விட்டால், வைத்தவர் மேல் வழக்கு. பீரோவில் புடவைக்கு அடியில் என்பதெல்லாம் மறைவிடம் ஆகாது, தீபாவளிப் பலகாரத்தையே அங்கிருந்து கண்டுபிடிக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,000-க்கும் மேற்பட்டோரில் 27,000-க்கும் மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால், பதின்வயதுப் பிள்ளையோ வேலை போன கணவரோ, துப்பாக்கியை அந்த வீட்டிலிருந்து கொஞ்ச காலம் அகற்றுங்கள். 988 என்ற எண்ணை அழைத்தால் பேச ஆள் இருக்கிறார்கள்.

ராத்திரி திருடன் வந்தா சுடலாம்ல? டெக்சாஸ்ல கேஸே ஆகாதாமே?

இந்த 'கேஸே ஆகாது' என்பதுதான் நான் கேட்டதிலேயே ஆபத்தான வாக்கியம். ஆளிருக்கும் வீட்டுக்குள் ஒருவன் சட்டவிரோதமாக, வலுக்கட்டாயமாக நுழைந்தால் சட்டம் வீட்டுக்காரர் பக்கம் நிறையச் சாய்கிறது, உண்மை. ஆனால் உயிராபத்து என்று நியாயமான மனிதன் நம்பும் சூழல் இருந்ததா, நீங்கள் தூண்டிவிட்டீர்களா என்றெல்லாம் விசாரிப்பார்கள். துப்பாக்கி ஆதாரமாகப் போகும், வக்கீல் செலவு வரும்.

1992-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், 16 வயது ஜப்பானிய மாணவர் ஹட்டோரி யோஷிஹிரோ, ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறி வேறு வாசலில் நின்றார். வீட்டுக்காரர் நில் என்று ஆங்கிலத்தில் கத்தியது புரியாமல் முன்னே வந்தார், சுடப்பட்டு இறந்தார். குற்ற வழக்கில் வீட்டுக்காரர் விடுதலை. பெற்றோர் தொடுத்த சிவில் வழக்கில் 6,50,000 டாலர் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு ஊரிலிருந்து வந்து, ஒரே மாதிரி வீடுகள் இருக்கும் தெருவில் நடைப்பயிற்சி போகும் நம் அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

டெக்சாஸ் லைசென்ஸோட நியூஜெர்சி அக்கா வீட்டுக்கு கார்ல போறோம். கொண்டு போலாமா?

நியூஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா எதுவும் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்பதில்லை. 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், தன் பென்சில்வேனியா உரிமம் செல்லும் என்று நம்பி பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குள் போனார். நிறுத்திய போலீஸிடம் அவரே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைது, சிறை, மூன்றாண்டுக் கட்டாயத் தண்டனை என்ற மிரட்டல். 2015-ல் ஆளுநர் மன்னிப்பு தந்த பிறகுதான் விடிந்தது.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தந்த புரூயன் தீர்ப்புக்குப் பிறகு அந்த மாநிலங்களிலும் சாதாரண ஆட்களுக்கு உரிமம் கிடைக்கிறது. அதற்கு முன் 'தனிப்பட்ட தேவை' நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆனால் நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும், நியூஜெர்சியில் 200 டாலர் கட்டணமும் நாலு பேர் சாட்சியும், 2 ஆண்டுதான் செல்லுபடி. வழியில் கடந்து போக மட்டும் மத்தியச் சட்டம் ஒரு வழி தருகிறது: தோட்டா நீக்கி, பூட்டி, டிக்கியில். அக்கா வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஃபிளைட்ல, அதுவும் இந்தியாவுக்குப் போகும்போது?

உள்நாட்டு விமானத்தில், தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் சொல்லிவிட்டு செக்-இன் செய்யலாம். கைப்பையில் கூடாது. 2023-ல் மட்டும் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின, பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. எல்லோரும் சொன்ன பதில் 'மறந்துட்டேன்' என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இந்தியாவுக்கு எடுத்துப்போகும் யோசனையே வேண்டாம். அங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே ஊருக்கும் எடுத்துப் போய், அடியில் கிடந்த ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று இந்திய நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் அதைச் சொல்லவைக்க நீங்கள் ஊரில் வக்கீல் பிடிக்க வேண்டும், விடுமுறை அதிலேயே போய்விடும். ரேஞ்சுக்கென்று ஒரு பை, அது வேறெங்கும் போகக் கூடாது.

நாங்க மொத்தமா ஊருக்குத் திரும்பறோம். துப்பாக்கியை என்ன செய்ய?

உரிமம் பெற்ற கடையில் விற்றுவிடுங்கள். விலை குறைவாகத்தான் தருவார்கள், பரவாயில்லை, ரசீது கிடைக்கும். டெக்சாஸில் தனி ஆளுக்கு விற்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தடை உள்ளவர் என்று தெரிந்தும் விற்றால் குற்றம், அடுத்த வீட்டு எச்1பி தம்பிக்குக் கொடுக்க முடியாது, காரணம் மேலே சொன்னதுதான். தோட்டாப் பெட்டிகளையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டி கட்டும் முன் கார் டிக்கி, கையுறைப் பெட்டி, பழைய ஜாக்கெட் பாக்கெட் எல்லாவற்றையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். என் நண்பர் கன்டெய்னர் ஏற்றுவதற்கு முதல் நாள், மகனின் கிரிக்கெட் பையில் மூன்று தோட்டா கண்டெடுத்தார்.